முட்டி ஆபரேஷனுக்குக் கடனா? முதலில் தம்பியின் வட்டியை நிறுத்துங்கள்

கேள்வி: ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் வேலை, சம்பளம் 14,000. முட்டியில், தொடை எலும்பு முனையில், 1.5 சதுர செ.மீ. அளவுக்குக் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்ய 1.2 லட்சம் கேட்கிறார்கள். பர்சனல் லோன் போடலாமா? தம்பி கடைக்காக என் நகையை 1.5 லட்சத்துக்கு அடகு வைத்தேன். ஒன்றரை வருஷமாக வட்டியும் நானே கட்டுகிறேன்.

பதில்: வேண்டாம் அம்மா. 18 சதவீதத்தில் மூன்று வருஷம் என்றால் தவணை 4,300-ஐத் தாண்டும். அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் அங்கே 3,000. பாதிச் சம்பளம் போயிற்று. இதுவரை கட்டிய 54,000-இல் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்த 3,000 உங்கள் முட்டியையும் கெடுக்கும்.

இந்த அளவுப் பள்ளத்துக்குப் பெரும்பாலும் மைக்ரோஃபிராக்சர்தான். ஓரத்தைச் செதுக்கி, அடி எலும்பில் 3-4 மி.மீ. இடைவெளியில் துளை போடுவார்கள். மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, மெல்ல நார்க்குருத்தெலும்பாகும். அதுவரை 6 முதல் 8 வாரம் ஊன்றுகோல். மடக்கி நீட்டும் பயிற்சி உண்டு, பாரம் கூடாது. வீட்டில் பணமில்லை என்று நாலாவது வாரமே போய் மெஷின் பெடலை மிதித்தால், உறைந்தது பெயர்ந்து ஆபரேஷனே வீணாகும். ஆகவே ஓய்வுக்கும் பணம் வேண்டும்.

பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். சுமார் 105 ரூபாய் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்க வேண்டும். 21,000 வரை சம்பளக்காரர்களுக்கு உண்டு. முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். தனியாரில் கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் பணம் வருவது கஷ்டம். அதற்குரிய இ.எஸ்.ஐ. ஆறு மாதச் சந்தாக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால், அவர்கள் டாக்டர் தரும் சான்றிதழின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். உங்களுக்கு மாதம் சுமார் 9,800. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது.

அந்த 9,800-இலும் 3,000 தம்பிக்குப் போனால் குடும்பம் எப்படி நடக்கும்? அடுத்த மாதத்திலிருந்து வட்டி அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். தயங்கினால், நகையை வங்கிக்கு மாற்றி ரசீதை அவர் கையில் கொடுங்கள். 10 சதவீதத்தில் மாதம் 1,250தான், அவரால் கட்ட முடியும். அக்கா கட்டுவாள் என்றிருக்கும்வரை அவர் அசலைத் தொடமாட்டார்.

'வட்டியில்லா இ.எம்.ஐ.' மருத்துவ அட்டை, பிளேட்லெட் ஊசி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்து முட்டியில் போடுவது) பேக்கேஜ் என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அட்டையில் செயல்பாட்டுக் கட்டணம் என்று பிடிப்பார்கள். ஊசி பள்ளத்தை நிரப்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஆபரேஷன் தேதி குறிக்கும் முன், எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது, பெடல் எப்போது மிதிக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கம்பெனி ஹெச்.ஆரிடமும் கொடுத்து வையுங்கள்.