செரோக்கி உறவைத் தேடுகிறவர் அம்மா வழியைப் பிடிக்க வேண்டும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனிக் காலத்திலேயே குடியேறிய ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எப்படித் தேடுவது? அந்தக் குடும்பத்துக்குச் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியோடு உறவு உண்டு என்று பரம்பரையாகச் சொல்லி வந்தால், அதை எப்படிச் சரிபார்ப்பது?

நான் பத்திரப் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் கிழக்கு டென்னசி. மருமகனின் முன்னோர் அமெரிக்கா சுதந்திரம் அடைவதற்கு முன்பே வர்ஜீனியாவில் வந்து இறங்கியவர்கள். தன் தாத்தாவின் பாட்டி ஒரு செரோக்கி இளவரசி என்பார் சம்பந்தியம்மாள். தென்மாநிலங்களின் பழைய குடும்பங்களில் இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? பழைய காகிதம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தேடிப் பார்த்த வகையில் சொல்கிறேன்.

முதலில் அந்த இளவரசியை விட்டுவிடுங்கள். செரோக்கிகளுக்கு அரச வம்சம் கிடையாது. ஊருக்கு ஊர் சபை கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். 1730-ல் சர் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், யாரும் அனுப்பாமலேயே அந்த மலைகளுக்குள் போய், டெல்லிக்கோ ஊரைச் சேர்ந்த மொய்டாய் என்பவரைச் செரோக்கிகளின் பேரரசர் என்று அறிவித்தார். பிறகு ஏழு செரோக்கிகளைக் கப்பலேற்றி லண்டனில் அரசர் முன் கொண்டுபோய் நிறுத்தினார். பேரரசரையே உண்டாக்கியவர்களுக்கு இளவரசிகளை உண்டாக்குவதா பெரிய காரியம்!

கமிங் வந்துபோன அந்தக் காலத்தில் செரோக்கிகளிடையே வாழ்ந்த லுடோவிக் கிராண்ட் என்ற வியாபாரி, 1756-ல் தென் கரோலினா ஆளுநரிடம் கொடுத்த வாக்குமூலம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதற்குள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்து, அவர்கள் மொழியையும் கற்றுக்கொண்டிருந்தார் அவர். செரோக்கி உறவு என்று நாம் தேடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் தொடங்குகிறது. சார்ல்ஸ்டனில் உரிமம் வாங்கிக்கொண்டு, துணியும் துப்பாக்கியும் குதிரைகளில் ஏற்றிப் போய், மான் தோலுக்கு மாற்றி வந்தவர்கள். ஊருக்குள் நிலையாகக் கடை போட வேண்டுமானால் அந்த ஊரில் உறவு வேண்டும். உறவுக்கு வழி கல்யாணம். காலனி ஆவணங்களில் இந்த ஆண்களின் கடன், உரிமம், புகார் எல்லாம் இருக்கும். அவர்கள் மணந்த பெண்ணின் பெயர் மட்டும் இருக்காது.

அந்தப் பெயர்தான் நமக்கு வேண்டும். செரோக்கிகளிடம் ஏழு குலங்கள்: ஓநாய், மான், பறவை, வர்ணம், நீள்கூந்தல், நீலம், காட்டு உருளைக்கிழங்கு. பிள்ளை அம்மாவின் குலத்தில் பிறந்ததாகவே கணக்கு. வீடும் வயலும் பெண்ணுடையவை. பிள்ளையைக் கண்டித்து வளர்க்கும் பொறுப்பு தகப்பனைவிடத் தாய்மாமனுக்கு அதிகம். எனவே அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் யாருடைய செரோக்கித்தன்மையும் குறைந்துவிடவில்லை. மறுபக்கம், செரோக்கி ஆண் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் பிள்ளைக்குக் குலமே இல்லாமல் போயிற்று. அந்தப் பிள்ளைகளையும் குடிமக்களாக ஏற்க 1825-ல் செரோக்கி தேசிய சபை தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

இது எப்படி வேலை செய்தது என்பதை ராஸ் குடும்பத்தில் தெளிவாகப் பார்க்கலாம். வில்லியம் ஷோரி என்ற மொழிபெயர்ப்பாளர், பறவைக் குலத்தைச் சேர்ந்த கிகூயி என்ற பெண்ணை மணந்தார். 1762-ல் ஆஸ்டனாக்கோ முதலிய மூன்று செரோக்கித் தலைவர்களை ஹென்றி டிம்பர்லேக் லண்டனுக்கு அழைத்துப் போனபோது, உடன் கப்பலேறிய ஷோரி நடுக்கடலிலேயே இறந்துபோனார். மூன்றாம் ஜார்ஜ் அரசர் முன்னால் தலைவர்கள் நிற்க, அவர்கள் பேச்சை ஒழுங்காகப் பெயர்த்துச் சொல்ல ஆளில்லை. ஷோரி, கிகூயி இருவரின் மகள் ஆனா, இன்வர்னெஸ்ஸிலிருந்து வந்த ஜான் மெக்டொனால்டை மணந்தார். அவர்கள் மகள் மாலியைக் கட்டியவர் டேனியல் ராஸ், அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. இந்தத் தம்பதிக்கு 1790-ல் பிறந்த ஜான் ராஸ்தான் 1828 முதல் 1866-ல் சாகும்வரை செரோக்கி தேசத்தின் முதன்மைத் தலைவர். வெள்ளைக்காரர் கணக்குப்படி அவர் எட்டில் ஒரு பங்கு செரோக்கி. செரோக்கிகளின் கணக்கில் கிகூயியின் மகள் வயிற்றுப் பேரத்தியின் மகன், பறவைக் குலத்துப் பிள்ளை, அவ்வளவுதான். இப்போது சட்டனூகா நகரம் இருக்கும் இடத்துக்கு அன்றைய பெயரே ராஸ் துறை.

இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். வலையில் உலவும் வம்சாவளிகளில் பாதி வழுக்கி விழுவது இங்கேதான். ஓநாய்க் குலத்தைச் சேர்ந்த நான்யேஹி, 1755-ல் தலிவா போரில் கணவர் கொல்லப்பட்டதும் அவர் இடத்தில் நின்று போரிட்டவர். பின்னால் பிரயன்ட் வார்ட் என்ற வியாபாரியை மணந்து நான்சி வார்ட் ஆனார். வார்ட் தென் கரோலினாவில் வெள்ளைக்கார மனைவி மக்களோடு இன்னொரு குடித்தனமும் நடத்தினார். நான்சியின் மகள் பெட்சியை மணந்த ஜோசப் மார்ட்டினும் அப்படியே: வர்ஜீனியா அரசின் செவ்விந்திய விவகார அதிகாரியான அவருக்கு வர்ஜீனியாவில் ஒரு வீடு, செரோக்கி ஊரில் ஒரு வீடு. ஒரே அப்பா, ஒரே குடும்பப் பெயர், இரண்டு தாய். வர்ஜீனியா வீட்டுப் பிள்ளைகளின் வம்சத்துக்கு நான்சி வார்ட் பாட்டி இல்லை. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இந்த இரண்டு கிளைகளையும் கூசாமல் ஒட்டவைத்துவிடுகிறார்கள். அந்த வர்ஜீனியா வீட்டு மகன் வில்லியம் மார்ட்டின் வயதான காலத்தில், வரலாற்றுத் தகவல் திரட்டிக்கொண்டிருந்த லைமன் டிரேப்பர் என்பவருக்குத் தன் அப்பாவின் செரோக்கி மனைவியைப் பற்றி மறைக்காமல் கடிதம் எழுதியிருக்கிறார். இன்றைய பேரப்பிள்ளைகளைவிட அவருக்குக் கணக்குச் சுத்தமாகத் தெரிந்திருந்தது.

தேடும் முறைக்கு வருகிறேன். எங்கள் துறையில் ஒரு நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடுவது போலத்தான்: இன்று கையில் இருப்பவரிடமிருந்து ஒவ்வொரு கையாகப் பின்னால் போக வேண்டும், ஒரு கண்ணியையும் தாண்டக் கூடாது. நான்சி வார்டில் தொடங்கி முன்னால் வந்தால் யார் வேண்டுமானாலும் அவர் வம்சம் ஆகிவிடலாம். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, உயில், நிலப் பத்திரம், பத்தாண்டுக்கொரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு என்று 1850 வரை போய்விடலாம். 1840 வரைக்குமான கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். பெண்களின் பெயர் அங்கே மறைந்துவிடும். அதற்கும் பின்னால் போக, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் காகிதங்களும் வரிப் பட்டியலுமே துணை.

செரோக்கித் தரப்பிலோ எழுத்துக்குக் குறைவில்லை. சொந்த எழுத்து வைத்திருந்தவர்கள், 1828-லேயே செய்தித்தாள் நடத்தியவர்கள். அமெரிக்க அரசும் பணம் கொடுக்கவும் நிலத்தைப் பிடுங்கவும் அவர்களைத் திரும்பத் திரும்ப எண்ணியது. 1835-ல் எடுத்த கணக்கில் 16,542 செரோக்கிகள், அவர்களை மணந்த 201 வெள்ளையர், அவர்களிடம் அடிமைகளாக இருந்த 1,592 பேர் என்று இருக்கிறது. எத்தனை ஏக்கர் உழுதார்கள், எத்தனை பேருக்கு நூற்கத் தெரியும் என்பதைக்கூடக் குடும்பத் தலைவர் வாரியாக எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அவர்களை மேற்கே துரத்திய 1838-39-ன் கட்டாய வெளியேற்றம், கண்ணீர்ப் பாதை. 1817, 1819 ஒப்பந்தங்களின்படி 640 ஏக்கர் வாங்கிக்கொண்டு அமெரிக்கக் குடிமக்களாகக் கிழக்கிலேயே தங்க விரும்பியவர்களுக்குத் தனிப் பட்டியல். 1851-ல் கிழக்கிலும் மேற்கிலும் பட்டியல்கள். 1898-ல் தொடங்கிய டாஸ் பட்டியல் மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவில் குடியிருந்தவர்களுக்கானது. டென்னசியை விட்டு நகராத குடும்பம் அதில் தன் பெயரைத் தேடுவது வீண்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்ப்பிருந்தது கியான் மில்லர் பட்டியலில். பழைய ஒப்பந்தங்களை மீறியதற்காக நீதிமன்றம் கிழக்குச் செரோக்கிகளின் வழித்தோன்றல்களுக்கு நிதி ஒதுக்கியது. அதைப் பங்கிட 1906 முதல் 1907 ஆகஸ்ட் வரை விண்ணப்பம் வாங்கினார்கள். வந்தவை 45,847 விண்ணப்பங்கள், ஏறக்குறைய 90,000 பேருக்காக. ஏற்கப்பட்டவர்கள் 30,254 பேர். தள்ளப்பட்ட விண்ணப்பங்களையும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பொக்கிஷம் அவைதான். 1835 வரைக்கும் அப்பா வழி, அம்மா வழி முன்னோரின் ஆங்கிலப் பெயர், செரோக்கிப் பெயர் இரண்டையும் எழுதச் சொல்லும் படிவம் அது. உடன்பிறந்தவர், சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரையும் கேட்கிறது. உறவு பொய்யாக இருந்தாலும் குடும்ப மரம் மெய்யாகக் கிடைத்துவிடுகிறது.

சம்பந்தியம்மாளின் தாத்தாவும் 1907-ல் விண்ணப்பித்திருந்தார். திரையில் அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் படித்தோம். செரோக்கிப் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது'. எந்தப் பட்டியலிலாவது முன்னோர் பெயர் உண்டா என்ற இடத்தில் மறுபடியும் 'தெரியாது'. குறிப்பு என்ற இடத்தில் மட்டும் பேனா நீளமாக ஓடியிருந்தது: பாட்டிக்கு நீண்ட கறுத்த முடி, கன்ன எலும்பு உயரம், செரோக்கி என்றே ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சாட்சிக் கையெழுத்து இரண்டு அண்டை வீட்டாருடையது. முடிவு: நிராகரிப்பு. முன்னோர் எந்தப் பட்டியலிலும் இல்லை, 1835 வாக்கில் செரோக்கி எல்லைக்குள் வாழ்ந்ததாகவும் தெரியவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. ஆனால் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரும் கவுண்டியும் எங்களுக்கு முதல் முறையாகக் கிடைத்தன.

அதை வைத்து 1850 கணக்கெடுப்புக்குப் போனோம். அந்த ஆண்டு விதி, வெள்ளையராக இருந்தால் நிறம் என்ற பத்தியை வெறுமையாக விட வேண்டும் என்பது. பக்கம் முழுவதும் வெறுமை. அந்த வீட்டு வரிசைகளில் மட்டும் ஓர் எழுத்து: கறுப்பும் வெள்ளையும் கலந்தவர்கள் என்பதற்கான குறி.

இதற்கு ஒரே பொருள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கணக்கெடுப்பவர் கண்ணால் பார்த்து எழுதியது அது. செவ்விந்தியர்களையும் சில ஊர்களில் அப்படியே குறித்திருக்கிறார்கள். ஆனால் வர்ஜீனியாவின் 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது. சுதந்திரமான வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்தவர்கள் அடிமையாகாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, மெல்ல மெல்ல மேற்கே மலைப்பக்கம் நகர்ந்தார்கள். டென்னசி 1834-லும் வட கரோலினா 1835-லும் சுதந்திரமான கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1840-களில் டென்னசியின் ஹாக்கின்ஸ் கவுண்டியில் கலப்பினத்தவர் என்று சொல்லி, வாக்களித்ததற்காகவே சிலர் மீது வழக்குப் போட்டார்கள். அந்தச் சூழலில் ஒரு குடும்பம் கறுத்த முடிக்கு என்ன காரணம் சொல்லும்? செரோக்கிகள் பெரும்பாலும் மேற்கே துரத்தப்பட்டாகிவிட்டது, வந்து மறுப்பதற்கு ஆளில்லை. பாட்டியைச் செரோக்கி ஆக்குவது பாதுகாப்பாக இருந்தது. என் கணிப்பு, இந்தக் குடும்பத்தின் கதையும் அதுவே. அந்தக் கதையை முதலில் சொன்னவர் மீது எனக்குக் குறையில்லை. வாக்கையும் நிலத்தையும் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன கதை.

சம்பந்தியம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அவர் யார் என்று கண்டுபிடியுங்கள்" என்றார். அவருடைய அண்ணன்தான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மரபணுச் சோதனையைப் பலரும் கேட்கிறார்கள். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால், அமெரிக்கப் பூர்வகுடி மரபு இருக்கிறதா என்று தோராயமாகச் சொல்வார்கள். எந்த இனக்குழு என்று சொல்ல அவர்களால் முடியாது. செரோக்கி அரசுகளும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஓக்லஹோமாவின் செரோக்கி தேசத்துக்கு டாஸ் பட்டியலில் நேரடி முன்னோர் இருந்தால் போதும், செரோக்கி ரத்தத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். வட கரோலினாவின் கிழக்குப் பிரிவு 1924-ன் பேக்கர் பட்டியலோடு பதினாறில் ஒரு பங்கும் கேட்கிறது. மூன்றாவது செரோக்கி அரசான கீட்டூவா பிரிவு கேட்பது நாலில் ஒரு பங்கு. குடியுரிமை, கல்விச் சலுகை என்ற எண்ணத்தில் கேட்டிருந்தால், பட்டியலில் முன்னோர் பெயர் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

உங்கள் குடும்பம் உண்மையிலேயே 1838-க்கு முன் ஜார்ஜியாவிலோ தென்கிழக்கு டென்னசியிலோ செரோக்கி எல்லைக்குள் இருந்திருந்தால், பட்டியல்களோடு நிற்காமல் ஸ்பிரிங்பிளேஸில் 1801-ல் மிஷன் தொடங்கிப் பிறகு பள்ளியும் நடத்திய மொரேவிய கிறிஸ்தவ சபை மிஷனரிகளின் நாட்குறிப்பைப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் எழுதியது. யார் வீட்டில் பிரசவம், யார் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று அன்றாடம் குறித்திருக்கிறார்கள். பிரெய்னர்ட் மிஷனின் குறிப்பேடும் உதவும். காலனிக் கால வியாபாரி என்றால் தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் உள்ள ஆவணக் காப்பகம். நாங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பாட்டியின் பிறந்த வீட்டுக் கவுண்டியின் பழைய வரிப் பட்டியல்களை. சுதந்திரமான கறுப்பர்களுக்குத் தலைவரி தனியாகக் குறித்திருக்கும் ஏடுகள் அவை. அங்கே அந்தக் குடும்பப் பெயரில் இரண்டு வீடுகள் தெரிகின்றன. எது அவருடையது என்று பிரிக்க உயில் ஏதாவது கிடைக்க வேண்டும்.