44 வயதில் உடையும் உச்சக்குரல்: வயதின் வேலையா, மேடையின் வேலையா?

கேள்வி: எனக்கு 44 வயது. மார்த்தாண்டத்தில் நண்பர்களோடு சேர்ந்து 20 ஆண்டுகளாக ராக் இசைக்குழு நடத்தி வருகிறேன். ஆலயத் திருவிழா, கோயில் கொடை, கல்லூரி விழா என எல்லா மேடைகளிலும் நான்தான் முதன்மைப் பாடகர். இளவயதில் எளிதாக எட்டிய மேல்சுரங்கள் இப்போது நான்காம் பாட்டிலேயே உடைகின்றன. மறுநாள் மதியம் வரை தொண்டை கரகரக்கிறது. இது வயதின் இயல்பா, குரலைக் கெடுத்துக்கொண்டேனா? ஸ்கேலை இறக்கிப் பாடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது உடையும் சுரமன்று, மறுநாள் மதியம் வரை நீடிக்கும் கரகரப்புதான். வயதினால் வரும் மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. அது இரவில் வந்து மதியத்தில் விலகிப் போகாது. அப்படி வந்து போவது பெரும்பாலும் வீக்கம்.

குரல்வளைக்குள் இருக்கும் இரு குரல் நாண்களும் சுரம் உயர உயர நீண்டு, மெலிந்து, விரைவாக அதிர்கின்றன. நீங்கள் பாடும் சுரம் வினாடிக்கு 300 அதிர்வுகள் கொண்டது என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடம் பாடுவதற்குள் அவை 36,000 முறை ஒன்றோடொன்று மோதியிருக்கும். அழுத்திக் கத்தும்போது ஒவ்வொரு மோதலும் வலுவாகிறது. நாணின் மேற்பரப்புக்கு அடியில் நீர் கோத்து அது தடிக்கிறது. தடித்த நாண் மெலிய மறுப்பதால்தான் முதலில் கைவிடுவது மேல்சுரமாக இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் இவ்வீக்கம் வடிந்துவிடும். வடிவதற்குள் அடுத்த மேடை ஏறினால், நாளடைவில் முடிச்சாகவோ தசைக்கட்டியாகவோ நிலைத்துவிடவும் கூடும்.

வயதுக்கும் பங்கு உண்டு. குரல்வளைக் குருத்தெலும்புகள் மெல்ல இறுகி எலும்புத்தன்மை பெறுகின்றன, நாண்களின் மீள்தன்மை குறைகிறது, உள்ளிருக்கும் தசை மெலிகிறது, விலாக்கூடு விறைப்பதால் ஒரே மூச்சில் பயன்படுத்தக்கூடிய காற்றும் குறைகிறது. முதுமையில் ஆண்களின் பேச்சுக்குரல் மெலிந்து சற்றே உயர்வதும் இதனால்தான். ஆனால் இவை வெளிப்படையாகத் தெரிவது பொதுவாக அறுபதை ஒட்டி. 44 வயதில் எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

உலகறிந்த பாடகர்களின் வரலாற்றிலும் வயதையும் காயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்டன் ஜான் 1987-இல் ஆஸ்திரேலியாவில் தொண்டை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை; அதன் பின் அவர் குரல் கனத்துத் தாழ்ந்தது, பழைய பாடல்களை அதற்கேற்பவே மேடையில் பாடினார். ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்க நாண் மெலிந்துபோனதால், 2022-இல் அதை உள்நோக்கித் தள்ளி நிறுத்தும் பொருளைப் பொருத்தினார்கள். ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் மேடையில் குரல்வளையே முறிந்தது. அக்குழு அடுத்த ஆண்டு சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வை அறிவித்தது.

இனி உங்கள் மேடைக்கு வருவோம். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்துத் திருவிழா மேடைகளில் ஒலிபெருக்கிகளை மக்களை நோக்கி மலைபோல் அடுக்கிவிட்டு, பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான ஒலிபெருக்கியான மானிட்டர் ஒன்றைக்கூட அவர் முன் வைக்காத வழக்கம் இன்னும் இருக்கிறது. அவர் குரல் ஊருக்கெல்லாம் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. இரைச்சலுக்கு நடுவே தன் குரல் கேட்காதவர் தன்னையறியாமல் உரத்துப் பாடுவார். 1911-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதை லொம்பார்டு விளைவு என்பர். மனவுறுதியால் இதை வெல்வது கடினம், கருவியால் எளிது. காதில் பொருத்திக்கொள்ளும் நல்லதொரு இயர் மானிட்டரை நீங்களே வாங்கி, மிக்ஸரில் உங்கள் குரலை டிரம்ஸுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். டிரம்ஸுக்கு நேர் முன்னால் நிற்பதையும் தவிருங்கள்.

ராக் இசைக்கு வேண்டிய கரகரப்பைப் பயிற்சி உள்ளவர்கள் பெரும்பாலும் நாண்களுக்கு மேலே உள்ள தசை மடிப்புகளில் எழுப்புகிறார்கள். தொண்டையை இறுக்கி நாண்களையே தேய்த்து எழுப்புவது வேறு. பாடி முடித்ததும் தொண்டை எரிந்தால் நீங்கள் செய்வது இரண்டாவது.

ஸ்கேலைத் தாராளமாக இறக்குங்கள். கீபோர்டில் அது டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தும் வேலை. கிட்டார்காரர்தான் தந்திகளைத் தளர்த்த வேண்டுமே என்று முணுமுணுப்பார். அரைச்சுரமோ ஒரு முழுச்சுரமோ இறக்கியதைக் கேட்போரில் பெரும்பாலோர் உணரமாட்டார்கள். உச்சப் பாடல்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்காமல் இடையே தாழ்ந்த பாடல் ஒன்றைச் செருகுங்கள். மேடையேறுமுன் மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியே கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் முனகிப் பழகுங்கள். நாண்கள் அதிக மோதலின்றி அதிரப் பழகும்.

சுக்குக்காப்பியும் நல்லமிளகும் எனக்கும் பிடிக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும்போது நாண்கள் இருக்கும் மூச்சுவழி மூடிக்கொள்கிறது. நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பது உடல் வழியாகவும், ஆவி பிடிப்பது நேரடியாகவும் நாண்களுக்குப் பயன் தரும். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் பரோட்டாவும் இறைச்சியும் உண்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் மேலேறிக் காலையில் குரலைக் கெடுக்கும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இவற்றைச் செய்துகொண்டே இருக்கட்டும், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ சென்று, உள்நோக்குக் கருவியால் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை, கரகரப்பு இருக்கும்போதே போனால் வீக்கம் தெரியும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, பாடும்போது குரல் திடீரென்று அற்றுப்போனாலோ காத்திருக்கக் கூடாது. அப்படி அற்றுப்போவது நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை பாடாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள்.