பல்லி முட்டையை முதல்முறை பொரிக்க வைப்பது எப்படி?

வீட்டில் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ முட்டையிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இந்தப் பல்லி அடைகாக்காது, ஈர மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடும். தாய் தராத சூட்டையும் ஈரத்தையும் நாம் சீராகத் தருவதுதான் அடைவைப்பது.

முட்டையை எடுப்பதற்கு முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளி வையுங்கள். ஓரிரு நாளில் கரு ஓட்டின் உள்பக்கத்தில் மேலே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் கரு செத்துப்போகலாம். கோழி முட்டையைத் திருப்பிவிடுவது போல இதைத் திருப்பவே கூடாது.

ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி முட்டை உப்பும். இட்லிப் பானையில் தண்ணீர் படாமல் ஆவி மட்டும் படுகிறதே, அதே கணக்குதான். மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) நனைத்துப் பிழியுங்கள், சொட்டக் கூடாது. அதை ஒரு பெட்டியில் போட்டு, முட்டையைப் பாதி புதைத்து மூடி வையுங்கள்.

சூடு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்றால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், சுமார் இரண்டு மாதம் ஆகும். 32 டிகிரியை ஒட்டி ஆண்கள் அதிகம், சீக்கிரமும் பொரியும்.

சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஷீட் கூரை வீடென்றால் கத்திரி வெயிலில்தான் உண்மையான ஆபத்து. ஹீட்டர் மட்டும் உள்ள இன்குபேட்டரால் (முட்டை அடைவைக்கும் கருவி) அறைச் சூட்டைக் குறைக்க முடியாது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடி, பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

கடைசி நாட்களில் முட்டை வேர்த்து லேசாகச் சுருங்கினால் கெட்டுவிட்டதென்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் குஞ்சு வெளியே வரப்போகும் அறிகுறி.