நட்பு, லட்சியம், சமரசம் மூன்றையும் பேசும் தமிழ் நாவல் ஒன்று சொல்ல முடியுமா?

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-ல் வந்தது. விறுவிறுவென்று கதை ஓடும் என்று நினைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜோசப் ஜேம்ஸ் என்கிற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5 அன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், முப்பத்தொன்பது வயதில் செத்துப்போகிறான். அங்கேதான் நாவல் ஆரம்பம். பாலு என்ற தமிழ் எழுத்தாளன் அவனைப் பற்றித் தேடித்தேடிச் சேர்க்கிறான். பின்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. கடைசியில் அவன் எழுதிய நூல்களின் பட்டியல்கூட உண்டு. இத்தனைக்கும் அப்படி ஓர் ஆள் கிடையவே கிடையாது! மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்வார்கள். அவர் இறந்ததும் 1960-ல்தான்.

எங்கள் பக்கம் என்றால் களியக்காவிளை, குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஊர். 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாகர்கோவில் உட்பட எல்லாமே திரு-கொச்சி, அதாவது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் இரண்டு மொழிப் பேப்பரும் கிடக்கும். மலையாள நாவலாசிரியர் தகழியின் 'செம்மீ'னையும் 'தோட்டியின் மக'னையும் தமிழுக்குக் கொண்டுவந்த நாகர்கோவில்காரர் ஒரு மலையாளியை நாயகனாக்கியதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. அவருக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. தமிழ் எழுத்துலகத்தை வெளியாள் வாயால் வாரலாம். பாலுவிடம் ஜே.ஜே. கேட்கிறான்: சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா? கல்கி படித்து வளர்ந்த என் சித்தப்பாவுக்கு அந்த இடத்தில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

சரி, சமரசத்துக்கு வருவோம். ஜே.ஜே. வளையாத ஆள். எழுதியவன் நண்பனே ஆனாலும் மோசமென்றால் மோசம் என்பான். முல்லைக்கல் மாதவன் நாயர் என்கிற எழுத்தாளர் வருகிற பகுதிகளை நிதானமாகப் படியுங்கள். நட்புக்கும் எழுத்து நேர்மைக்கும் நடுவே இழுபறி எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியும். எனக்கு ஒரு குறையும் உண்டு. நாவலின் தராசு ஜே.ஜே. பக்கமே சாய்கிறது.

எனக்கு ஒரு கவிஞர் நண்பர். கான்ட்ராக்டர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு அணிந்துரை எழுதிக்கொடுத்தார். 'பாரதிக்குப் பிறகு' என்று தொடங்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பழம்பொரி தின்றுகொண்டே அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பாரதி மேல் எண்ணெய் விரல் பதிந்தது. "மகளுக்கு காலேஜில சீட் வாங்கித் தந்த மனுசன். என்னடே செய்யச் சொல்லுதே?" என்றார். உன் தொகுப்பு வரும்போதும் சொல், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிரித்தார். ஜே.ஜே.யாக இருந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான். நான் இன்னொரு டீ சொன்னேன். அவன் எழுந்து போன பிறகு எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வீடு, மகள், கடன் எல்லாம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் இந்த நாவல் போதுமான நேரம் நிற்பதில்லை.

ஆனாலும் நீங்கள் கேட்ட மூன்றையும் இவ்வளவு நேருக்கு நேர் பேசுகிற வேறு தமிழ் நாவல் எனக்குத் தோன்றவில்லை. லட்சியம் என்றால் பாலுவைக் கவனியுங்கள். ஒரு மனிதனைக் கும்பிட்டுக்கொண்டே அவனைப் போல ஆகிவிடத் துடிப்பவன் அவன்.

நாட்குறிப்புப் பகுதியை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், தலை கனத்துவிடும். இரவில் நாலைந்து பக்கம் போதும். கதையோட்டம் இல்லாமல் முடியாது என்றால், அதே ஆசிரியரின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை (1966) முதலில் முடியுங்கள். கடைக்காரர்களின் போட்டி, முனிசிபல் தேர்தல், நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு மரம் என்று அது தானாகவே இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஜே.ஜே.