டி செல்களைப் பெருக்கும் புரதங்கள்: கேள்வி பதில்

டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) வளரத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஆய்வகத்தில் டி செல் வளர்ப்பதுதான் என் வேலை.

கேள்வி: உடம்பிலேயே இது சுரக்கிறதே சார், ஏன் மாற்றி வடிவமைக்க வேண்டும்?

பதில்: 1976-ல் கண்டறிந்தபோது இதற்கு ‘டி செல் வளர்ச்சிக் காரணி’ என்றே பெயர். 1992-ல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கட்டி முழுதாகவே மறைந்தது. ஆனால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிக அளவில் ஏற்ற வேண்டும். ரத்தக்குழாய்கள் கசியும், ரத்த அழுத்தம் விழும். தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

கேள்வி: நோய் எதிர்ப்பை அடக்கும் டி செல்களையும் இது வளர்க்குமாமே?

பதில்: ஆமாம், சிக்கலே அங்கேதான். செல்லின் மேல் இந்தப் புரதம் வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அதற்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று பகுதிகள். ‘வளர்’ என்ற உத்தரவு பீட்டா, காமா வழியாகப் போகிறது. ஆல்ஃபா புரதத்தை இறுகப் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். அடக்கும் டி செல்களில் ஆல்ஃபா எப்போதும் அதிகம் என்பதால் கொஞ்சம் மருந்து கொடுத்தாலும் அவையே வாரிக்கொள்ளும். ஆகவே ஆல்ஃபாவின் தயவே தேவைப்படாத புரதம் வேண்டும். 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்சியா குழு சில அமினோ அமிலங்களை மாற்றி, பீட்டாவோடு நன்றாக ஒட்டும்படி செய்தது. 2019-ல் சியாட்டிலில் டேவிட் பேக்கர் ஆய்வகம் ஒரு படி மேலே போய், ஆல்ஃபாவைத் தொடவே தொடாத புதுப் புரதத்தைக் கணினியில் வடிவமைத்தது. இயற்கைப் புரதத்தோடு அதன் அமினோ அமில வரிசை 14 சதவீதம்தான் ஒத்துப்போகும்! எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது.

கேள்வி: அது மருந்தாக வந்ததா?

பதில்: இல்லை. நோயாளிகளின் உடல் அதையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கியது. 2022-ல் சோதனையை நிறுத்தினார்கள். ஜெயித்தது அண்ணன் தம்பி முறையான இன்டர்லூக்கின்-15. அதில் 72-வது அமினோ அமிலத்தை மாற்றிய மருந்துக்கு, பிசிஜி (காசநோய்த் தடுப்பூசிதான், இங்கே புற்றுநோய்க்கு மருந்து) மட்டும் கொடுத்துக் கட்டுப்படாத ஒருவகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, பிசிஜியோடு சேர்த்துத் தர 2024 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நேராகச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். புரதத்தைத் திருத்துவதோடு, தேவையான இடத்தில் மட்டும் கொடுப்பதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ முடிந்ததும் ‘செல் ஏற்றும் ஊசி’ போட்டார்கள். இதுதானா?

பதில்: இல்லைம்மா, அது பெரும்பாலும் ஃபில்கிராஸ்டிம். எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களை, பெருக்கும். தினமும் போடுவது அது. பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைத்த வகையானால் ஒரு சுழற்சிக்கு ஒன்றே போதும். எலும்பு வலி வருவது சகஜம். ஆனால் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.