முதலில் அந்தப் பலகையைக் கழற்றுங்கள்

கேள்வி: அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன். நகரத்தில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் ‘அக்குபஞ்சர், மூலிகை மருத்துவ டிப்ளோமா’வுக்குச் சேர்ந்தேன். கட்டணம் 280,000 ரூபாய். அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தையும் நகையை அடகு வைத்த காசையும் சேர்த்து 230,000 கட்டிவிட்டேன். ஒன்றரை வருடம், ஞாயிறு தோறும் நான்கு மணி நேர வகுப்பு. முடித்தால் ஆயுர்வேத வைத்தியராகப் பதியலாம் என்றார்கள். சேரும் முன் அலுவலகத்தில் இருந்தவர் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. இப்போது அரச ஆயுர்வேத வைத்தியசாலையில் விசாரித்தால், இதை வைத்துப் பதிய முடியாது என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பணிப்பாளர், ‘லயத்து ஆட்களுக்கு இதுவே பெரிது’ என்று எல்லார் முன்னாலும் பேசினார். மீதி 50,000 கட்டினால்தான் சான்றிதழாம். எட்டு மாதமாக வீட்டு முன்னறையில் ‘டொக்டர்’ என்று போர்ட் போட்டு ஊசி குத்துகிறேன், கசாயம் கொடுக்கிறேன். எல்லாருக்கும் சுகம். ஒரு தாத்தா சீனி வருத்தத்துக்குப் போடும் மாத்திரையையே நிறுத்திவிட்டார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்து அவர்களை உள்ளே தள்ள வேண்டும். துண்டுப் பிரசுரத்தின் படம் இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு, அடகில் இருக்கும் நகை, பணிப்பாளரின் வாய்த்துடுக்கு. வாசிக்க எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஒரு சட்டத்தரணியாகச் சொல்கிறேன்: வழக்குக்கு இவை உதவாது. அந்த ஆள் லயத்து மக்களைக் கேவலமாகப் பேசினார் என்பதற்காக எந்த நீதவானும் 230,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப் போவதில்லை. உங்கள் விஷயம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: நீங்கள் பணம் கட்டுவதற்கு முன், எந்தப் பதிவு கிடைக்கும் என்று அவர்கள் சொன்னார்கள், அதற்கு என்ன சாட்சி?

துண்டுப் பிரசுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில் ‘அரச பதிவு பெற்ற நிறுவனம்’. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு இலக்கம், ‘பிவி’ என்று தொடங்குகிறது. அது 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனிக்குக் கிடைக்கும் பதிவிலக்கம். பலசரக்குக் கடையை கம்பனியாகப் பதிந்தாலும் அதுதான் கிடைக்கும். வைத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த வரி பொய்யும் அல்ல. அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். சில நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இலக்கத்தைப் போடும். அது பயிற்சி நடத்துவதற்கான பதிவு. அங்கே படித்தவர் நோயாளியைத் தொடலாம் என்பதற்கான அனுமதி அல்ல.

வைத்தியத்துக்கான பதிவு வேறு. 1961ஆம் ஆண்டு 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபை கொடுப்பது அது. பிரசுரத்தில் அந்தச் சபையின் பெயர் எங்கும் இல்லை, கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் குரல் பதிவு. ‘முடித்தால் ஆயுர்வேதத்தில் பதியலாம்’ என்று அதில் தெளிவாக இருந்தால், அது ஒரு உண்மையைப் பற்றிச் சொன்ன பொய். அதை நம்பிப் பணம் கட்டியவர் ஒப்பந்தத்தை இரத்துச் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பற்றுச்சீட்டின் பின்னால் ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும், மோசடிக்கு அது கவசம் ஆகாது. ‘நல்ல எதிர்காலம் இருக்கு, மகள்’ என்ற அளவில்தான் பேசியிருந்தால், அது வியாபாரப் பேச்சு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கே அந்தப் பதிவை அமைதியாக உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். இன்னொருவருக்கு அனுப்பி வைத்த பிரதியை விட, அது முதலில் வந்து விழுந்த போன்தான் பெறுமதி.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது நிறுவனம் செய்தது அல்ல, ‘டொக்டர்’ போர்ட்டில் தொடங்கித் தாத்தாவில் முடியும் அந்த மூன்று வரிகள்.

பொலிஸில் போய் மோசடி என்று சொல்லும்போது என்ன சொல்வீர்கள்? ‘இந்த டிப்ளோமாவை வைத்து வைத்தியம் செய்ய முடியாது, என்னை ஏமாற்றிவிட்டார்கள்.’ அடுத்த கேள்வி தானாக வரும்: ‘அப்படியானால் எட்டு மாதமாக எதை வைத்து வைத்தியம் செய்தீர்கள்?’ பதிவில்லாதவர் காசு வாங்கி வைத்தியம் செய்வது குற்றம். உங்கள் முறைப்பாடே உங்களுக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும். இதே வகையான நிறுவனத்தில் படித்த ஒரு இளைஞர் இப்படித்தான் பொலிஸுக்குப் போய்விட்டு அப்புறம் என்னிடம் வந்தார். அவர் முறைப்பாடு கொடுத்த அதே வாரம், எதிர்த்தரப்பு அவருடைய போர்ட்டின் படத்தையும், அவர் நோயாளியின் முதுகில் ஊசி குத்துவதாக அவரே முகநூலில் போட்ட வீடியோவையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்கும் என்று போனவர் பிணை எடுக்க ஆள் தேட வேண்டி வந்தது. பணம் இன்றுவரை வரவில்லை. இந்தத் தொழிலில் இறங்கிய பிள்ளைகளில் இப்படி மாட்டிக்கொண்டவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘நான் ஆயுர்வேதம் செய்யவில்லை, அக்குபஞ்சர்தானே’ என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். ஓமியோபதிக்கு இருப்பது போல அக்குபஞ்சருக்கென்று தனிச்சட்டம் இங்கே இல்லை என்பது சரிதான். ஆனால் ஆயுர்வேதச் சட்டம் ‘ஆயுர்வேதம்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் பொருள் விரிவானது. சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஆசிய நாடுகளுக்கு உரியதாகவும் அந்தந்த அரசுகளால் ஏற்கப்பட்டதாகவும் உள்ள வேறு வைத்திய முறைகளையும் அது உள்ளடக்குகிறது. சீனத்து ஊசி முறை அதற்குள் வராது என்று வாதாடி வெல்லலாம் என்ற நம்பிக்கையில் உங்களை நீதிமன்றக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. கசாயத்துக்கோ அந்த வாதமும் கிடையாது.

குற்றவியல் பக்கம் இருக்கட்டும். யாருக்காவது ஏதாவது நடந்தால்? நம் சட்டத்தில், திறமை தேவைப்படும் காரியத்தில் அந்தத் திறமை இல்லாமல் இறங்குவதே கவனயீனம். ‘எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான்’ என்பது பதில் ஆகாது. நிபுணர் ஒருவர் சாட்சிக்கூண்டில் ஏறி என்ன சொல்வார் என்று யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட அக்குபஞ்சர் பயிற்சி வழிகாட்டி, வைத்தியர் அல்லாத ஒருவர் அக்குபஞ்சர் செய்வதற்கு 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 1,000 மணி நேரம் செய்முறையும் நோயாளிகளோடு பழகும் பயிற்சியும். ஏற்கெனவே மேலைத்தேய வைத்தியம் படித்தவர் ஒரு சில நோய்களுக்கு மட்டும் ஊசியைப் பயன்படுத்துவதற்கே 200 மணி நேரம் கேட்கிறது. நீங்கள் ஒரு ஞாயிறு கூட விடாமல் போயிருந்தாலும் 78 வகுப்பு, 312 மணி நேரம். அந்த வழிகாட்டி இங்கே சட்டம் அல்ல. ஆனால் எது போதுமான பயிற்சி என்ற கேள்வி வரும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் மேசையில் வைப்பது அதைத்தான். நெஞ்சுப் பக்கமோ தோளுக்கு மேலோ ஆழமாகக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைக்கும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் கல்லீரல் அழற்சிக் கிருமி பரவும். இதையெல்லாம் உங்களுக்கு எத்தனை ஞாயிறு சொல்லித் தந்தார்கள்?

அந்தத் தாத்தா விஷயத்துக்கு வாருங்கள், தங்கச்சி. அவர் மாத்திரையை நிறுத்தியதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்தச் சொன்னீர்களோ, அவராக நிறுத்தினாரோ, அவருக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் ஊர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். உயிரே போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சீனி மாத்திரையைத் திடீரென்று விட்டால் வயதானவர்கள் தாங்கமாட்டார்கள். நாளைக்குக் காலையிலேயே அவர் வீட்டாரோடு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன கசாயம் எத்தனை நாள் குடித்தார் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போர்ட்டை இன்றைக்கே கழற்றுங்கள். ஊசியும் கசாயமும் இன்றோடு நிற்கட்டும், ‘தெரிந்த ஆட்களுக்கு மட்டும்’ என்பதும் வேண்டாம். ஆனால் நோயாளிகளின் பெயர் எழுதிவைத்த கொப்பி ஏதும் இருந்தால் அதைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். செய்யவே இல்லை என்று யாரிடமும் பொய்யும் சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

இப்போது பணம். வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். 150,000 கையில் வருமானால் வாங்கிக்கொள்ளுங்கள். குற்றவியல் மோசடி என்று நிரூபிக்க, பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ‘நாங்கள் வகுப்பு நடத்தினோமே, 78 கையெழுத்து இருக்கிறதே’ என்று வருகைப் பதிவேட்டைக் காட்டுவார்கள். சிவில் வழக்கென்றால் தவணைக்குத் தவணை நீதிமன்றம் போக வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும், என்னைப் போன்றவர்களுக்கும் கட்ட வேண்டும். எப்படியும் இந்தத் தொகைக்கு, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசும் மத்தியஸ்த சபைக்குப் போகாமல் நேரே வழக்குப் போட முடியாது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். குரல் பதிவைப் பற்றி மட்டும் பேசுங்கள். பணிப்பாளர் பேசியதைத் தொடங்கினால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மீதி 50,000ஐக் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பதிய முடியாது என்று தெரிந்த பிறகு கட்டினால், ‘தெரிந்துதான் கட்டினார்’ என்று அவர்கள் சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகும்.

சமாதானக் கடிதம்தான் நம் ஆட்கள் விழும் அடுத்த குழி. அனேகமாக ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இரண்டு பக்கம் நீட்டுவார்கள், ‘இதில் ஒரு கையெழுத்து மகள்’ என்பார்கள். நான் பார்த்த அப்படியான ஒரு கடிதத்தின் ஐந்தாவது பந்தியில், மாணவர் பயிற்சியை ‘முழுத் திருப்தியோடு’ முடித்ததாகவும், அவர் யாருக்காவது செய்த சிகிச்சையால் வரும் நட்டம் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்றும், நிறுவனத்துக்கு வரும் செலவையும் அவரே ஏற்பார் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவருக்குக் கிடைத்தது 60,000. கடனாக ஏற்றுக்கொண்டது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது வரிக்கு வரி வாசித்துச் சொல்லக்கூடிய, அவர்களுடைய ஆள் அல்லாத ஒருவரோடு போங்கள். பணத்துக்குப் பதிலாக ‘இன்னொரு கோர்ஸ் இலவசம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொலிஸுக்குப் போக நேர்ந்தாலும் இதேதான்: முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதி ‘கொடுக்கல் வாங்கல் பிரச்சினை’ என்று முடித்திருப்பதை வாசிக்காமல் ஒப்பமிட்டுவிட்டு வந்து, மோசடி வழக்கு ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

முகநூலில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுத வேண்டாம். எழுதினால் மானநட்டக் கோரிக்கைக் கடிதம் வரும், பேரம் பேச அவர்களுக்கும் ஒன்று கிடைத்துவிடும்.

வைத்தியம்தான் வாழ்க்கை என்று இருந்தால் நேர்வழிகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியது. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆனால் உயர்தரத்தில் உயிரியல் வேண்டும், கலைப்பிரிவில் முடித்த உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. மற்றது பரம்பரை வைத்தியர் வழி: பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரிடம் உண்மையாகவே கற்று, அவருடைய சான்றோடு ஆயுர்வேத மருத்துவ சபையின் பரீட்சைக்குத் தோற்றுவது. முறிவு, விஷக்கடி போன்ற தனித்துறைக்கு மட்டும் பதிவதும் உண்டு. எந்த நிறுவனமாவது இந்த வழியைக் குறுக்கித் தருவதாகச் சொன்னால், பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டுச் சபையிடம் நேரே கேளுங்கள்.

தாமதிக்கவும் வேண்டாம். கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வழக்குத் தொடர ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் மூன்று வருடம், ஏமாற்றியதற்கான நட்டஈடு என்று கேட்டால் இரண்டே வருடம். நீங்கள் சேர்ந்து எவ்வளவு காலம் என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்துக்குப் போங்கள்; வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கோரிக்கைக் கடிதம் எழுதித் தருவார்கள். போகும்போது பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும், பிரசுரத்தின் மூலப் பிரதியையும், அந்தப் போனையும் எடுத்துப் போங்கள். எட்டு மாத வைத்தியத்தையும் தாத்தாவையும் பற்றி அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.