தினமும் கீரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: நான் 44 வயதுப் பெண். கெட்ட கொழுப்பு அதிகம் என்றதால் ஆறு மாதமாகக் கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. எல்.டி.எல். 162-லிருந்து 128-க்கு இறங்கிவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 10.4. தினமும் கீரை சாப்பிடுகிறேன், பிறகு ஏன்?

பதில்: கொழுப்பு இறங்கியதற்கு உங்கள் சாப்பாடுதான் காரணம். பயறு, ஓட்ஸ், வெந்தயத்தில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றிவிடும். கல்லீரல் புதிதாகப் பித்தநீர் சுரக்க ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த உணவுமுறையை விடவேண்டாம். (வனஸ்பதியில் பொரித்த பூரியும் சைவம்தான், அதைத் தொட்டால் எல்.டி.எல். திரும்ப ஏறும்.)

சிக்கல் இரும்பில். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். கூடவே என்ன போகிறது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். பாலை விட்டவர்கள் பெரும்பாலும் கடுங்காப்பிக்கும் வரத்தேநீருக்கும் மாறுவார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் உடலில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கொண்டைக்கடலை, காராமணி, கொள்ளு எதுவானாலும் இரவு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, ஒருநாள் முளைகட்டி வேகவையுங்கள். இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். பாதி பச்சை நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலும் போதும்.

வைட்டமின் பி12 தனி விஷயம். அது செடிகொடிகளில் இல்லை. பழைய சோற்றையோ ஸ்பைருலினாவையோ நம்பாதீர்கள். கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும் என்பதால் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கும் பல வருடமாக மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கும் சீக்கிரம் தட்டுப்பாடு வரும். இன்னொரு கண்ணி: கீரையில் நிறைய இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், உள்ளே நரம்பு பாழாகிக்கொண்டிருக்கும். பாதம் மரத்துப்போகிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) தொடங்குமுன் ஃபெரிட்டின் (உடலில் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12 இரண்டையும் பரிசோதியுங்கள். பாலும் முட்டையும் இல்லாதவரை பி12 மாத்திரை நிரந்தரம்; அளவை மருத்துவர் சொல்லட்டும்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 10.4-ஐ உணவால் மட்டும் தூக்க முடியாது. மாதவிடாயில் போக்கு அதிகமா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் எந்தக் கீரையும் ஈடுகட்டாது. இரும்பு மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள். மலம் கறுப்பாகும், பயப்படவேண்டாம். கால்சியம் மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடச் சொல்லுங்கள்.